கல்லச்சுப் படமும் கையொப்பமும்

வலியசாலை அக்கிரகாரத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் கைமாறி வருகின்றன. பெரியவர்கள் காலமான பின் பிள்ளைகள் பெங்களூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ பத்து நாள் லீவில் வந்து வீட்டை ஒழிக்கிறார்கள். பாத்திரங்களை எடை போட்டு விற்கிறார்கள். சுவரில் தொங்கும் படங்களையோ பழைய சாமான்காரர் சட்டத்தின் விலைக்கு எடுத்துப் போகிறார். இன்னொரு பக்கம், அதே மாதிரிப் படங்களைக் 'கையொப்பமிட்ட லித்தோகிராப்' என்று சொல்லி இரட்டை விலைக்கு விற்பவர்களும் உண்டு. இரு சாராரும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: கையொப்பம் கல்லில் இருக்கிறதா, காகிதத்தில் இருக்கிறதா?

லித்தோகிராப் என்பது கல்லச்சு. 1796 வாக்கில் ஜெர்மனியில் பவேரியாவைச் சேர்ந்த அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின் மேல் எண்ணெய்ப் பசையுள்ள மையால் படம் வரைவார்கள். பிறகு மருந்து பூசிக் கல்லை நனைத்தால், படம் உள்ள இடம் தண்ணீரை ஏற்காது. மற்ற இடம் அச்சு மையை ஏற்காது. காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் இறங்கிவிடும். வண்ணப் படமென்றால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக்கல். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்த வேண்டும். ரயில் பாதையில் கேஜ் ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் வண்டி ஓடிவிடும். இங்கே அந்த அளவு பிசகினால் லட்சுமிக்கு உதடு கன்னத்தில் போய் நிற்கும்!

நம் ஊரோடு இந்தக் கலைக்குத் தொடர்பு உண்டு. கிளிமானூர் ராஜா ரவிவர்மா (1848-1906) 1894-ல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் நிறுவினார். ஜெர்மன் இயந்திரங்களும் தொழில்நுட்பக்காரர்களும் வந்தார்கள். அரண்மனைச் சுவரில் மட்டுமே இருந்த ஓவியங்கள் நம் பூஜை அறைக்கு வந்தது அப்படித்தான். 1899-ல் அச்சுக்கூடம் லோனாவாலாவை அடுத்த மளவ்லிக்கு மாறியது. ஆகவே படத்தின் கீழ் விளிம்பில் பம்பாய் என்று இருக்கிறதா, கார்லா, லோனாவாலா என்று இருக்கிறதா என்பது காலத்தைக் கணிக்க உதவும். சட்டம் மாற்றும்போது அந்த விளிம்பை வெட்டிவிட வேண்டாம். அதுதான் படத்தின் ஜாதகம்.

தெய்வப் படங்கள் ஏராளம், கடற்காட்சிகள் குறைவு. எனக்குப் பிடித்தது, கடற்கரைப் பாறையில் வில்லோடு நின்று ராமன் வருணனை அடக்கும் காட்சி. மூல ஓவியம் மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கிறது. ரவிவர்மாவின் மூல ஓவியங்கள் சிலவற்றை நம் மியூசியம் வளாகத்திலேயே பார்க்கலாம். 1935-ல் அமைந்த ஸ்ரீசித்ரா கலைக்கூடமும், 2023-ல் திறந்த ரவிவர்மா கலைக்கூடமும் அங்கே உள்ளன. மூலத்தைப் பார்த்த கண்ணுக்குத்தான் அச்சின் தரம் தெரியும்.

வெள்ளைக்காரர்கள் வரைந்த கடற்கரைப் படங்களும் சந்தைக்கு வரும். கேப்டன் ஓ'பிரையனின் 15 இலங்கைக் காட்சிகள் 1864-ல் லண்டனில் கல்லச்சில் வெளிவந்தன. ஆனால் டேனியல்கள் (தாமஸும் அவர் சகோதரர் மகன் வில்லியமும்) வெளியிட்ட புகழ்பெற்ற இந்தியக் காட்சிகள் கல்லச்சு அல்ல. செப்புத்தகட்டில் அமிலம் கொண்டு செய்த அக்வாடின்ட். அவற்றையும் 'லித்தோ' என்று சொல்லி விற்றால், விற்பவருக்கு விஷயம் தெரியாது என்று பொருள்.

இனி கையொப்பம். ரவிவர்மா படத்துக்குள் தெரியும் பெயர் கல்லிலேயே இருந்தது. ஆயிரம் பிரதி அடித்தால் ஆயிரத்திலும் அது இருக்கும். அதற்காகக் கூடுதலாக ஒரு ரூபாயும் தர வேண்டாம். அச்சான பின் ஓவியர் தம் கையால், பெரும்பாலும் பென்சிலில், விளிம்பில் ஒப்பமிடுவது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஐரோப்பாவில் பரவிய வழக்கம். இக்காலத்துப் படங்களில் இடப்பக்கம் 12/50 என்பதுபோல் எண் இருக்கும்: ஐம்பது பிரதிகளில் பன்னிரண்டாவது. படத்தைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் பென்சில் கோடு மின்னும். அழுத்திய தடமும் தெரியும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கல்லச்சில் புள்ளிகள் ஒழுங்கில்லாமல், கிரேயான் தீட்டியதுபோல் இருக்கும். அணிவகுத்து நிற்கும் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் அது ஆப்செட். காலண்டர் படத்தின் தம்பி. அதன்கீழ் பென்சில் ஒப்பம் இருந்தாலும் அது கல்லச்சு ஆகிவிடாது.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பாட்டி வீட்டுப் படம்தானே என்று பெட்டிக்குள் வைத்துவிட வேண்டாம். வயதில் சந்தேகம் இருந்தால் முதலில் தொல்லியல் துறையிடம் காட்டிச் சான்று கேளுங்கள். பழைய படமானால், உள்ளூரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் நம் ஊர் மழைதான் முதல் எதிரி. ஓதம் ஏறும் சுவரில் மாட்டினால் இரண்டு இடவப்பாதியில் பழுப்புப் புள்ளி விழும். படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை விளிம்பு வைத்துச் சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள். அட்டை அமிலமில்லாததாக இருக்கட்டும். செலோடேப்பும் லாமினேஷனும் கூடவே கூடாது. பூஜை விளக்கின் புகை படிந்திருந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரித்த படமானால் பிரித்தெடுக்காமல் அப்படியே வையுங்கள்; அந்த வேலைப்பாட்டுக்கென்றே தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.