பழைய கானைக் கைவிடலாமா?

மலையகத்தில் மழைநீர் ஓடும் வழியைக் 'கான்' என்கிறோம். வடக்கு, கிழக்கிலுள்ள சகோதரிகள் 'வாய்க்கால்' என்பார்கள். பெயர் எதுவானாலும் அது அடைபட்டால் முதலில் நனைவது வீட்டு வாசலும் அடுப்படியும்தான். 2009 ஆகஸ்ட் மாதம் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு மழையிலேயே கூடாரங்களுக்குள் வெள்ளம் புகுந்தது அவர்களுக்கு மறந்திருக்காது. 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், பின்னர் போரிலும் அகப்பட்ட குடும்பங்கள் அநேகம். அவர்களுக்கு இந்தக் கானும் தெரியும், அந்த வெள்ளமும் தெரியும்.

ஹாலிஎலப் பகுதித் தோட்டங்களில் நான் சந்திக்கும் பெண்கள், "லயத்துப் பின்பக்கக் கான் உடைஞ்சு போச்சு, புதுசா கட்டித் தரச் சொல்லுங்க" என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயமே. ஆனால் புதுக்கான் வரும்வரை மழை காத்திருக்காது. அத்துடன் பல இடங்களில் பழைய கானை இடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதைப் பழுது பார்த்தாலே போதும்.

முன்னோர் வெட்டிய கணக்கு

தேயிலை மலையில் கான்கள் சரிவுக்குக் குறுக்கே வெட்டப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ 120 அடி நீளத்துக்கு ஓரடி மட்டுமே இறங்கும் மெல்லிய சாய்வு அது. கானுக்குள் இடையிடையே சிறு மண் தடுப்புகளை விட்டிருப்பார்கள். தண்ணீர் அங்கே தங்கி, மண்ணைப் படியவிட்டு, பிறகு வழிந்து அடுத்த குழிக்குப் போகும். கடைசியில் மேலிருந்து கீழிறங்கும் பெரிய கானில் சேரும். மழைநீரின் வேகத்தைக் குறைத்து, மேல்மண்ணைக் காப்பதே இதன் நோக்கம். எமது பாட்டன், பாட்டிமாரின் உழைப்பு அது.

கான் வெட்டும் வேலைக்கு ஆட்கள் குறைந்ததும் குழிகள் மண்ணால் நிரம்பின. நிரம்பிய கானில் நீர் தங்காது. கரையை உடைத்துக்கொண்டு லயத்தை நோக்கி வரும். ஆகவே பல இடங்களில் குற்றம் கானின் வயதில் இல்லை, பராமரிப்பு இல்லாமையில்தான் இருக்கிறது.

பழுது எங்கே?

மழை விட்டவுடன் கானோரமாக நடந்து மூன்று விடயங்களைப் பாருங்கள்.

முதலாவது, மண்ணும் குப்பையும். இவற்றை அள்ளினாலே பாதிப் பிரச்சினை தீரும். அள்ளிய மண்ணைக் கானின் மேல்கரையில் போட்டால் அடுத்த மழையில் அது திரும்பவும் உள்ளே விழும்.

இரண்டாவது, வெடிப்பு. கல்லுக்கிடையில் சாந்து போன இடத்தால் நீர் அடியில் இறங்கி, லயத்தின் அத்திவாரத்தை ஈரமாக்கும். வேர்களை அகற்றிச் சீமெந்துச் சாந்து பூசி அடைக்க வேண்டும்.

மூன்றாவது, கான் முடியும் இடம். பலரும் கவனிக்காதது இதுதான். நீர் விழுந்து மண்ணை அரித்தால் கான் நுனியிலிருந்து உடைந்துகொண்டே மேலே வரும். அங்கே பெரிய கற்களை அடுக்கி, கரையில் புல் நட்டால் அரிப்புக் குறையும்.

வழவழப்பான கொங்கிறீட் கானில் தண்ணீர் வேகமாக ஓடும். அது முடியும் இடத்தில் ஏற்பாடு செய்யாவிட்டால் கீழ்லயத்துக்கு ஆபத்து. செங்குத்தான சரிவின் அடியை ஒரேயடியாகத் தோண்டுவதும் நல்லதல்ல. எனினும் கானின் அடித்தளமே நீளமாக அரிக்கப்பட்டிருந்தால், அல்லது புதிய கூரைகளாலும் பாதைகளாலும் கான் தாங்காத அளவுக்கு நீர் வந்தால், புதிதாகக் கட்டத்தான் வேண்டும்.

மலையே அசைந்தால்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணில் புதைந்தன. அங்கே ஆபத்து இருப்பதாக முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், மக்கள் அதே லயன்களில்தான் இருந்தார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போதும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகளால் பல உயிர்கள் போயின. நிலமே நகரும் இடத்தில் கானைச் செப்பனிட்டுவிட்டுக் குடியிருக்க முடியாது.

ஆனாலும் நீரை வெளியேற்றுவதே அங்கும் முக்கிய வேலையாகும். பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்துக்கு அருகே, பதுலுசிறிகமவில், ஜப்பானின் உதவியுடன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவைக் கட்டுப்படுத்தியபோது, மண்ணுக்குள் தேங்கும் நீரை வடியச் செய்தே சரிவின் அசைவைக் குறைத்தார்கள்.

நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனக் கலங்கும் அல்லது வற்றும் ஊற்று ஆகியவற்றைக் கண்டால் உடனே வெளியேறி, 117 என்ற இலக்கத்தில் இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவியுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஆனால் புறப்படத் தயாராக வேண்டும். 150 ஆனால் வீட்டில் இருக்கக்கூடாது.

யாரிடம் கேட்பது?

முன்பு தோட்ட லயன்களுக்கு வேலை செய்யப் பிரதேச சபைக்குச் சட்டம் இடந்தரவில்லை. பிரதேச சபைச் சட்டம் 2018 இல் திருத்தப்பட்டபின் அந்தத் தடை நீங்கியது. ஆகவே தோட்ட நிர்வாகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தின் பிரதியைப் பிரதேச சபைக்கும் கொடுங்கள். 'கான் கட்டித் தாருங்கள்' என்று மட்டும் எழுதாமல், எத்தனை அடி உடைந்துள்ளது, எத்தனை குடும்பங்களுக்கு ஆபத்து, எவ்வளவு சீமெந்து, மணல், கல் தேவை என்பதையும் குறிப்பிடுங்கள். படமும் இணையுங்கள். சிறிய தொகை கேட்கும் கடிதத்தைத் தட்டிக் கழிப்பது கடினம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கூட்டமொன்றில் ஓர் அக்கா, "கொழுந்தும் எடுத்து, சோறும் ஆக்கி, கானும் நாங்கதான் வெட்டணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டு வாசலைச் சுத்தம் செய்வது எமது பொறுப்பு. முழுச் சரிவின் கானையும் காப்பது கூலிக்குரிய வேலை. அதைச் 'சிரமதானம்' என்ற பெயரில் பெண்களின் தலையில் சுமத்தக்கூடாது. பேர் போட்டுக் கூலி கொடுக்கும்படி கேளுங்கள். ஆண்களையும் மண்வெட்டியுடன் அழையுங்கள்.

ஊவாவில் பெருமழை ஐப்பசியில் தொடங்கும். வெயில் காயும் ஆடி, ஆவணி மாதங்களே கான் வேலைக்கு ஏற்றவை. கடிதத்தை அதற்கு முன்னரே எழுதிவிடுங்கள்.