பந்தைக் கொடு... கையைக் கட்டு!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணை மூடுவதற்குள் 'தொம்'மென்று வயிற்றின் மேல் ஒரு பாரம் குதிக்கும். 'அப்பா... போரடிக்குது!' வீட்டில் வாண்டு வைத்திருக்கும் ஆபீஸ் ஆசாமிகள் அத்தனை பேருக்கும் பொதுவான விபத்து இது. (பிரம்மச்சாரிகள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அக்கா பிள்ளை, அண்ணன் பிள்ளை எல்லாம் லீவுக்கு வந்து இறங்குமே!)

அந்த நேரத்தில் செல்போனைக் கையில் கொடுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுப்பது ஒரு வழி. நான் சிபாரிசு செய்வது, தெர்மாகோல் பந்து.

பந்துக்கு எங்கே போவது? பரணுக்கு! மூத்த பிள்ளையின் ஸ்கூல் புராஜெக்ட் சூரியக் குடும்பம் அங்கேதான் தூசி தின்றுகொண்டிருக்கும். எங்கள் வீட்டிலும் இருந்தது. புளூட்டோவைக் கிரகப் பட்டியலிலிருந்து 2006-லேயே இறக்கிவிட்டார்கள். பாக்கி எட்டையும், கூடவே சூரியனையும் பரணிலிருந்து நான் இறக்கினேன்.

கடைக்குப் போய்ப் புதுசாக வாங்க வேண்டாம் சார். அலங்காரத்துக்கான தெர்மாகோலுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்கத் தடை. தடையில் நியாயம் இருக்கிறது. பந்தில் சுமார் 98 சதவிகிதம் வெறும் காற்று. மிச்சம் இருக்கும் பிளாஸ்டிக்தான் வில்லன்! மண்ணில் போட்டால் லேசில் மக்காது. கொளுத்தினால் கரும்புகை. ஆகவே, வீட்டில் கிடப்பதையே திரும்பத் திரும்ப உபயோகிப்போம். பரண் காலியா? பழைய பேப்பரை உருண்டையாகக் கசக்கி, நூல் சுற்றி, மேலே காகிதத் துண்டுகளை மைதாப் பசையால் ஒட்டிக் காயவைத்தால் அதுவும் அருமையான பந்துதான்.

ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் முன்ஜாக்கிரதை. மூணு வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தைக்கு இந்த ஆட்டம் வேண்டாம். தெர்மாகோல் கடித்தால் பிய்ந்து வரும், தொண்டையில் சிக்கும். ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால் போதும். செருப்பு ஒட்டும் பசை, ஸ்பிரே பெயின்ட், தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் வகையறாக்கள் பட்டால் தெர்மாகோல் அப்படியே கரைந்து குழி விழும். கலருக்கு போஸ்டர் கலர். பந்தை ஓர் ஈர்க்குச்சியில் குத்திப் பிடித்துக்கொண்டு பூசினால் கையில் ஒட்டாது. பூசி முடித்ததும் அரிசி நிரப்பிய டம்ளரில் குச்சியைச் செருகி நிறுத்திவிடலாம்.

முதல் ஐட்டம், முள்ளம்பன்றி. பசையே வேண்டாம். பல்குச்சிகளின் கூர் முனை ஒன்றை நீங்கள் ஒடித்துவிட்டுக் கொடுங்கள். இன்னொரு முனையால் குழந்தை குத்தட்டும். 'சரக்... சரக்...' என்று குச்சி இறங்கும்போது அந்த முகத்தில் வருகிற ஆனந்தம் இருக்கே... அடடா! ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு கண் வைத்தால் வேலை முடிந்தது.

அடுத்தது, தலையாட்டி பொம்மை. பெரிய பந்தின் அடியில் ஸ்பூனால் கொஞ்சம் குடைந்து கொடுங்கள். அதில் களிமண்ணை அடைப்பது குழந்தையின் வேலை. அடிப்பாகம் உருண்டையாகவே இருக்கும்படி காகிதம் ஒட்டி மூடுங்கள். மேலே ஒரு சின்னப் பந்தைப் பல்குச்சியால் செருகினால் தலை. தட்டிவிட்டால் விழும், உடனே எழும். தஞ்சாவூர் பொம்மையின் சூட்சுமமும் இதுதான். கனம் பூராவும் அடியில். தலைக்கனம் இல்லாத ஆசாமி எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்துவிடுவான்! (இதை எந்த மானேஜரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை.)

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. உங்கள் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்!

குழந்தை பந்தைக் கோணலாக ஒட்டும். யானைக்குப் பச்சை அடிக்கும். உங்களுக்குக் கை பரபரக்கும். 'இங்கே கொடுடா, அப்பா செஞ்சு காட்டுறேன்...' என்று வாய் வரைக்கும் வரும். முழுங்கிவிடுங்கள். எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர், யு.கே.ஜி. படிக்கும் மகனுக்காக ராத்திரி பன்னிரண்டு மணி வரை கண்விழித்து ஒரு தலையாட்டி பொம்மை செய்தார். மூக்கும் முழியும் அச்சு அசல். காலையில் பையன் பார்த்தான். 'சூப்பர்ப்பா!' என்றான். ஷோகேஸில் வைத்தான். அப்புறம் பந்து வந்த அட்டைப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்து பஸ் ஓட்டக் கிளம்பிவிட்டான்!

எங்கள் வீட்டு முள்ளம்பன்றிக்கு ஒரு கண் முகத்தில், ஒரு கண் முதுகில். "ஏம்மா இப்படி?" என்றேன். "பின்னாடி யாராச்சும் வந்தா அதுக்குத் தெரிய வேணாமாப்பா?" என்றாள் சின்னவள். அந்தக் கண்ணை நான் திருத்தியிருந்தால் பார்க்க லட்சணமாக இருந்திருக்கும். இந்தப் பதில் கிடைத்திருக்காது. கத்தி, கத்தரிக்கோல், ஊசி மூன்றும் உங்கள் இலாகா. மற்றதெல்லாம் குழந்தை இலாகா. கேட்டால் மட்டும் ஆலோசனை. அவ்வளவுதான் சட்டம்.

கடைசி ஐட்டம், ராத்திரி ஆட்டம். ஒரு வெள்ளைப் பந்தைக் குச்சியில் குத்துங்கள். அறையை இருட்டாக்கி, குழந்தையின் தலை உயரத்துக்கு ஒரே ஒரு பல்பு. பல்பு சூரியன், குழந்தையின் தலை பூமி, பந்து நிலா. பல்பைப் பார்த்தபடி கையை நீட்டிப் பந்தைப் பிடித்தால் நம் பக்கம் இருட்டு. அமாவாசை! அப்படியே மெதுவாக இடது பக்கம் திரும்பச் சொல்லுங்கள். பிறை வரும், பாதி நிலா வரும். பல்புக்கு முதுகைக் காட்டி நிற்கும்போது பந்தைத் தலைக்கு மேல் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் பௌர்ணமி. தூக்காமல் விட்டால் தலையின் நிழல் பந்தின் மேல் விழும். சந்திர கிரகணம்! ராகு, கேது யாரும் வரவில்லை என்பதைப் பாட்டியையும் கூப்பிட்டுக் காட்டலாம். நான் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து பாகம் குறித்து மார்க் வாங்கிய பாடம் இது. புரிந்தது என்னவோ என் மகள் ஈர்க்குச்சியோடு சுற்றிய அன்றைக்குத்தான்.

அந்த வாரமே ஒருநாள் மொட்டை மாடியில் நிஜ நிலாவைக் காட்டினேன். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள். "அப்பா, இதுக்குக் குச்சியே இல்லியே... யாரு புடிச்சிட்டிருக்காங்க?" என்றாள்.

எம்.டி. கேட்கும் கேள்விக்கெல்லாம் 'நாளைக்குச் சொல்றேன் சார்' என்று சமாளித்துப் பழகியவன் நான். அன்றைக்கும் அதையேதான் சொன்னேன். ஒரே வித்தியாசம், இந்தக் கேள்விக்கு நிஜமாகவே ராத்திரி உட்கார்ந்து படித்தேன்!