பள்ளிக்கு வராத குழந்தையும் பஞ்சாயத்தின் கடமையும்

தொகுதியின் குறைகள் என்றவுடன் சாலை, குடிநீர், ஏரி மதகு, பேருந்து ஆகியவையே நம் நினைவிற்கு வருகின்றன. திருச்சி சாலையும் சேலம் சாலையும் பிரிகின்ற உளுந்தூர்பேட்டை வட்டாரமாயினும், பிற வட்டாரமாயினும், இவற்றிற்காக மனுக்கொடுக்க ஊரே திரண்டு வரும். வீட்டுத் திண்ணையிலேயே பொழுதைக் கழிக்கும் காது கேளாத குழந்தைக்காக மனுக்கொடுப்பவர் யார்? அவ்விடத்தில்தான் பஞ்சாயத்து அங்கத்தினரின் தொண்டு தொடங்குகிறது.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுள்ளது. நாற்பது சதவீதத்திற்குக் குறையாத குறைபாடுள்ள குழந்தை, 6 வயது முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பிய சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகக் கல்வி பெறலாம். குறைபாட்டைக் காரணங்காட்டி அரசாங்கப் பள்ளி சேர்க்கையை மறுத்தலாகாது.

எனினும் பட்டியலில் பெயரில்லாத குழந்தைக்குச் சட்டத்தின் பயன் எட்டுவதில்லை. ஆகவே அங்கத்தினர் ஒவ்வொருவரும் தத்தம் வார்டில் வீடுவீடாக விசாரித்து, பெயர்களைத் தலைமையாசிரியரிடம் தருதல் வேண்டும். அவர் வழியே வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநருக்குச் செய்தி செல்லும். பின்னர் மருத்துவ முகாமில் பரிசோதனையும், அடையாள அட்டையும், தேவையான உபகரணமும் கிடைக்க வழி பிறக்கும். நடமாட இயலாத குழந்தைக்கு வீட்டிலேயே பயிற்சியளிக்கும் ஏற்பாடும் உண்டு.

இதில் காலதாமதம் கூடாது. செவிக்குறையை இளமையில் கண்டறியாவிடில் பேச்சும் வளராது. நாற்றங்காலில் கவனியாத பயிரை அறுவடைக் காலத்தில் திருத்த இயலாது என்பதை விவசாயிகள் நன்கறிவர். ஆதலின் அங்கன்வாடிக் குழந்தைகளையும் கணக்கிற் சேர்த்தல் நலம்.

சாய்தளம், கைப்பிடியுடன் கூடிய கழிப்பறை ஆகியன பள்ளியில் இல்லையெனில் கிராம சபையில் தீர்மானம் இயற்றலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்கள் அதற்குரியவை. அத்தீர்மானத்தைச் சட்டமன்ற உறுப்பினரிடம் சேர்ப்பித்துத் தொகுதி மேம்பாட்டு நிதியைக் கோரலாம். வாய்மொழி வேண்டுகோளைவிட, பெயர்களும் தேவைகளும் குறித்த தீர்மானத்திற்கே வலிமை அதிகம்.

2025-இல் நம் சட்டப்பேரவை, மாற்றுத்திறனாளிகளைக் கிராம ஊராட்சிகளில் நியமன அங்கத்தினராக்க வகை செய்யும் திருத்தத்தை நிறைவேற்றியது. தம் குறையைத் தாமே சபையில் எடுத்துரைக்க அவர்களுக்கு வழி திறந்துள்ளது. திண்ணையில் அமர்ந்திருக்கும் குழந்தையும் நாளை அச்சபையில் அமரத்தக்கதே. அதற்குரிய முதற்படியாக, அடுத்த கிராம சபைக்கு முன்பே அதன் பெயரைப் பள்ளிப் பதிவேட்டில் ஏற்றுவோமாக.