நாலுகால் காவல்காரனுக்கு ஒரு பொங்கல் பலகாரம்!

பிள்ளைகளே, பொங்கல் என்றால் நம் ஊர்ப் பக்கம் எல்லோருக்கும் விருந்துதான். சூரியனுக்கு ஒரு பொங்கல். மறுநாள் கொம்புக்கு வர்ணம் பூசி மாட்டுக்கு ஒரு பொங்கல். கனுப்பிடி வைக்கும் வீடுகளில் காக்கைக்குக்கூட ஒரு பங்கு உண்டு. ஆனால், கொல்லைப்புறத்தில் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கிறதே நம் நாய், அதற்கு?

நான் ஆசிரியராக இருந்தபோது, நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து நின்று இதைத்தான் கேட்டாள். "சார், வயலை உழுவதற்காக மாட்டுக்குப் பொங்கல் வைக்கிறோம். களத்தில் ராத்திரி பூரா நெல்லைக் காவல் காப்பது நாய்தானே? அதற்கு மட்டும் ஏன் இல்லை?"

நியாயமான கேள்வி! திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் தை பிறந்தால் சம்பா அறுவடை. களத்தில் நெல் குவிந்து கிடக்கும். சின்ன அரவம் கேட்டாலும் முதலில் எழுந்து குரைப்பது நாய்தான். வரப்பில் எலி வளையைக் கண்டால் மோப்பம் பிடித்துத் தோண்டுவதும் அதுதான்.

நாய்க்கென்று தனியாகத் திருநாள் கொண்டாடும் நாடும் இருக்கிறது. நம் அண்டை நாடான நேபாளத்தில், தீபாவளியை ஒட்டி 'திஹார்' என்ற பண்டிகை ஐந்து நாட்கள் நடக்கும். முதல் நாள் காக்கைக்கு. இரண்டாம் நாள் நாய்க்கு! அதற்கு 'குகுர் திஹார்' என்று பெயர். அன்று வீட்டு நாய், தெரு நாய் என்ற வேறுபாடு இல்லை. நெற்றியில் திலகம் இட்டு, கழுத்தில் சாமந்தி மாலை போட்டு, நல்ல உணவு படைப்பார்கள்.

நாமும் இந்தப் பொங்கலுக்கு நம் நாய்க்கு ஒரு பலகாரம் செய்வோமா? "சர்க்கரைப் பொங்கலில் ஒரு கரண்டி வைத்தால் போச்சு!" என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

நமக்கு விருந்து, நாய்க்கு நஞ்சு!

சர்க்கரைப் பொங்கலில் முந்திரியோடு எதை வறுத்துப் போடுகிறோம்? உலர் திராட்சை. திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். எத்தனை பழம் வரை ஆபத்தில்லை என்று யாராலும் வரையறுத்துச் சொல்ல முடியவில்லை. அதனால் ஒன்றுகூட வேண்டாம். பாயசத்துக்கும் இதே கதைதான்.

திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அந்த அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது. ஆகவே புளியோதரையும் நாய்க்கு வேண்டாம்.

சாக்லேட்டில் 'தியோபுரோமின்' என்ற பொருள் உண்டு. நம் உடல் அதைச் சீக்கிரம் வெளியேற்றிவிடும். நாயின் உடலிலோ அது வெகுநேரம் தங்கி இதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். சாக்லேட் எவ்வளவு கறுப்போ, அவ்வளவு ஆபத்து.

வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து தொண்டையிலும் குடலிலும் குத்தும். நெய் சொட்டும் பலகாரங்கள் கணையத்தைப் பாதிக்கும். சில 'சர்க்கரை இல்லாத' சூயிங்கங்களில் சேர்க்கப்படும் 'சைலிடால்' கொஞ்சம் உள்ளே போனாலும் நாயின் ரத்தச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும்.

இவற்றில் எதையாவது நாய் தின்றுவிட்டால், "பார்க்கலாம்" என்று காத்திருக்கக் கூடாது. உடனே பெரியவர்களிடம் சொல்லிக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

அப்படியானால் சோறு கொடுக்கலாமா?

தாராளமாக! சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 2013-இல் ஒரு சுவையான உண்மையை வெளியிட்டார்கள். நாய்க்கு மூதாதை ஓநாய் அல்லவா? மாவுப்பொருளைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயின் உடலில் 2 பிரதிகள்தான் இருக்கிறது. நாய்களிடமோ 4 முதல் 30 பிரதிகள் வரை இருந்தன! மனிதனோடு சேர்ந்து, அவன் தின்ற தானியத்தைத் தின்று வாழ்ந்ததால் நாயின் வயிறும் அதற்கேற்ப மாறிவிட்டது. நம் சோற்றைச் செரிக்க அது பழகிக்கொண்டது. நம் மசாலாவையும் திராட்சையையும்தான் பழகிக்கொள்ளவில்லை.

நாய் பிஸ்கட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1860-ஆம் ஆண்டுவாக்கில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர், இடிதாங்கி விற்க இங்கிலாந்து போனாராம். அங்கே துறைமுகத்தில், மாலுமிகள் வீசி எறிந்த கெட்டி பிஸ்கட்டுகளை நாய்கள் பாய்ந்து பாய்ந்து தின்பதைப் பார்த்தாராம். இடிதாங்கியை மறந்தார், கோதுமை, காய்கறி, பீட்ரூட், இறைச்சி சேர்த்து நாய்க்கென்றே பிஸ்கட் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்!

நம் பிஸ்கட்டுக்கு அவ்வளவு பாடு வேண்டாம். பொங்கலுக்கு வாங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு போதும்.

தேவையானவை

பச்சரிசி மாவு - 1 கப்
கோதுமை மாவு - 1 கப்
வேகவைத்து, தோல் உரித்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு - 1 கப்
முட்டை - 1

உப்பு, சர்க்கரை, வெல்லம், எண்ணெய், ஏலக்காய் எதுவும் வேண்டாம். "சப்பென்று இருக்குமே!" என்று கவலைப்படாதீர்கள். நம் நாக்கில் உள்ள அளவுக்குச் சுவை மொட்டுகள் நாயின் நாக்கில் கிடையாது. அதற்கு மூக்குதான் முக்கியம். கிழங்கும் முட்டையும் வேகும் வாசனைக்கே அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்துவிடும், பாருங்கள்!

செய்முறை

எல்லாவற்றையும் சேர்த்துச் சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். கிழங்கிலேயே ஈரம் இருப்பதால் தண்ணீர் விட வேண்டாம். கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் கோதுமை மாவு தூவிக்கொள்ளலாம். கால் அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, சிறிய பாட்டில் மூடியால் அழுத்தி வட்ட வட்டமாக வெட்டுங்கள்.

இதுவரை உங்கள் வேலை. அடுப்பு வேலையை அம்மாவோ, அப்பாவோ, பாட்டியோ செய்யட்டும்.

வீட்டில் ஓவன் இல்லையா? அடிகனமான பழைய பாத்திரத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, அதன்மேல் ஒரு சிறிய வளையத்தை வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடேற்ற வேண்டும். வட்டங்களைத் தட்டில் அடுக்கி வளையத்தின்மேல் வைத்து மூடி, சிறு தீயில் அரைமணி நேரம் விட்டால் வெந்துவிடும். நடுவில் ஒருமுறை திருப்பிவிட வேண்டும். தொட்டால் கெட்டியாக, ஈரமில்லாமல் இருப்பதுதான் பதம். மணலும் இல்லையென்றால், தோசைக்கல்லில் போட்டு மூடி, சிறு தீயில் இருபுறமும் நன்றாக வேகும்வரை திருப்பிப் போட்டு எடுக்கலாம்.

நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போட்டு மூடி வையுங்கள். கெடாமல் இருக்க மருந்து எதுவும் சேர்க்காததால், நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். பூஞ்சை கண்டால் தூக்கி எறிந்துவிடுங்கள்.

கொடுக்கும் முறை

முதல் நாள் ஒரே ஒரு துண்டு. வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் மறுநாள் இரண்டு. பலகாரம் என்பது ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிண்ணத்தில் நல்ல தண்ணீரும் வைக்க மறக்காதீர்கள்.

சாப்பிடும் நாயையும், குட்டி போட்ட நாயையும் தொடாதீர்கள். தெரு நாய்க்குக் கொடுக்க ஆசை என்றால், பெரியவர் ஒருவர் துணையோடு போய் இலையில் வைத்துவிட்டுத் தள்ளி வந்துவிடுங்கள். கையில் வைத்து நீட்ட வேண்டாம்.

எந்த நாயாவது கடித்தாலோ பிறாண்டினாலோ, திட்டுக்குப் பயந்து மறைக்கவே கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் வராமலே தடுத்துவிடலாம். வீட்டு நாய்க்கும் ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாக வேண்டும். பலகாரத்தைவிடப் பெரிய பரிசு அதுதான்.

நமக்குப் பிடித்ததைக் கொடுப்பதல்ல அன்பு. அடுத்தவருக்கு எது நல்லதோ அதைத் தெரிந்துகொண்டு கொடுப்பதே அன்பு. நாய்க்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் இது பொருந்தும்.

மாட்டுப் பொங்கலன்று உங்கள் மணிக்கும் ஜிம்மிக்கும் ஒரு துண்டு பிஸ்கட் வைத்துப் பாருங்கள். நன்றியை அது வாலால் சொல்லும்!