கணனி கூட்டும், கணக்காளரே தீர்மானிக்க வேண்டும்

உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவைத் தெரிவு செய்யும் நம் பெண் பிள்ளைகள் பலருக்குக் கணக்காளராக வேண்டும் என்பது கனவு. ஒரு காலத்தில் பிழையில்லாத கூட்டலும் தெளிவான கையெழுத்தும் இத்தொழிலில் பெரிதாக மதிக்கப்பட்டன. இன்று அவை மட்டும் போதாது.

கணக்கீட்டின் அத்திவாரம் மாறவில்லை. 1494இல் வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி அச்சிட்டு விளக்கிய இரட்டைப் பதிவு முறையே இன்றும் பயன்படுகிறது. ஆனால் பேரேட்டில் பதிவதையும் பரீட்சை மீதி எடுப்பதையும் மென்பொருள் நொடியில் முடித்துவிடுகிறது. அதேவேளை, மின் கட்டணத்தைத் தவறுதலாகத் தளபாடக் கணக்கில் பதிந்தாலும் பரீட்சை மீதி சமப்படவே செய்யும். இலாபம் கூடிவிட்டதே என்று சந்தேகித்துத் தேடிப் பார்ப்பது மனிதரின் வேலை.

சட்ட திட்டங்களும் மாறிக்கொண்டேயிருக்கின்றன. சர்வதேச நியமங்களைத் தழுவிய கணக்கீட்டு நியமங்கள் 2012இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்தன. 2018 முதல் அமுலான நிதிக் கருவிகள் பற்றிய நியமத்தின்படி, கடன்பட்டவர் தவணை தவறும்வரை காத்திருக்க முடியாது. எவ்வளவு பணம் வராமற் போகலாம் என்பதை முன்கூட்டியே மதிப்பிட வேண்டும். 2022 நெருக்கடி போன்ற காலத்தில் பழைய வருடங்களின் அனுபவம் மட்டும் இதற்கு உதவாது. நாட்டு நிலைமையையும் வாடிக்கையாளரின் தொழிலையும் அறிந்திருக்க வேண்டும். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானது. வீதத்தை மாற்றுவது எளிது. எப்பொருளுக்கு வரி உண்டு, எதற்கு விலக்கு என்று அறிவதே கடினம்.

ஆகவே பரீட்சைச் சான்றிதழுடன் எக்செல் பயிற்சியும், இலக்கங்களின் பொருளை முதலாளிக்கு எளிய மொழியில் எடுத்துச் சொல்லும் திறனும் தேவை. தமிழுடன் சிங்களமும் ஆங்கிலமும் தெரிந்தால் வாய்ப்புகள் கூடும். வருமானத்தை மறைத்து எழுதச் சொன்னால் மறுக்கும் துணிவும் இத்தொழிலின் தகைமையே.

திருமணத்துக்குப் பின்னும் குழந்தைப்பேற்றின் போதும் தொழிலை இடைநிறுத்தும் சகோதரிகள் இதனைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். ஐந்து வருடங்களில் வரிச்சட்டமும் மென்பொருளும் வேறாகிவிடலாம். வீட்டிலிருக்கும் காலத்திலும் புதிய நியமங்களை வாசித்தும், குறுகிய பாடநெறிகளைப் பயின்றும் வந்தால் திரும்பிச் செல்லும் பாதை அடைபடாது. அந்த நேரத்தை அவர்களுக்கு ஒதுக்கிக் கொடுப்பது குடும்பத்தாரின் பொறுப்பு.