ஓய்வுக்குப் பின் எங்கே வாழ்வது?

மகளின் திருமணத்திற்கு எத்தனை ஆண்டுகளுக்கு முன்பிருந்தே ஆயத்தம் செய்கிறோம்! மகனின் கல்லூரிப் படிப்பிற்காக எத்தனை பேரிடம் ஆலோசனை கேட்கிறோம்! ஆனால் பணி ஓய்விற்குப் பின் எஞ்சியிருக்கும் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளை எந்த ஊரில், எவர் நடுவில் கழிக்கப் போகிறோம் என்ற வினாவை மட்டும் பெரும்பாலான குடும்பங்கள் கடைசி மாதம் வரை ஒத்திப் போட்டுவிடுகின்றன. சேமநல நிதி எவ்வளவு, பணிக்கொடை எவ்வளவு, ஓய்வூதியம் எவ்வளவு என்ற கணக்குகளெல்லாம் தயாராக இருக்கும். அப்பணத்தை வைத்து வாழப்போகும் இடம் மட்டும் தீர்மானமாகியிராது.

இவ்வினா இன்று சிலருக்கு மட்டுமே உரியதன்று. 2011-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டு மக்களில் நூற்றுக்கு 10.4 பேர் அறுபது வயதை எட்டியவர்கள். நாடு முழுவதற்கும் இந்த விகிதம் 8.6 ஆக இருந்தது. அதற்குப் பின் இது உயர்ந்தே வந்துள்ளது. மறுபுறம், பிள்ளைகள் பிழைப்பைத் தேடிச் சென்னைக்கும் பெங்களூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றுவிடுகின்றனர். பழைய கூட்டுக் குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய முதுமைக்குத் திட்டமிடுவது இயலாத காரியம்.

நிறுவனக் குடியிருப்புகளில் வாழ்வோர்க்கு இது இன்னும் கடுமையான சோதனை. நெய்வேலி நகரியத்திலோ பொன்மலை இரயில்வே காலனியிலோ முப்பது ஆண்டுகள் வாழ்ந்த குடும்பம், ஓய்வு பெற்றபின் நிறுவனம் தரும் குறுகிய அவகாசத்திற்குள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். வேலை போகிறது; வீடு போகிறது; காலையில் கோலமிடும்போது பேசிக்கொண்ட அண்டை வீட்டாரும் திசைக்கொருவராகப் பிரிந்து போகின்றனர். ஒரே ஆண்டில் இம்மூன்றையும் இழப்பவருக்குச் சுவர்கள் கொண்ட வீடு ஒன்று கிடைத்துவிட்டால் மட்டும் போதாது.

நான்கு வழிகள்

நம் குடும்பங்களுக்கு முன் பொதுவாக நான்கு வழிகள் உள்ளன. முதலாவது, சொந்த ஊர் திரும்புவது. பிறந்த மண், முன்னோரின் கல்லறை, திருவிழா, உறவினர் என இதற்கு ஈர்ப்பு மிகுதி. ஆனால் நாம் நினைவில் வைத்திருக்கும் ஊர் முப்பது ஆண்டுகளுக்கு முந்தையது. அன்று உடன் படித்தவர்கள் இன்று அங்கே இருக்கிறார்களா? இரவில் நெஞ்சு வலித்தால் மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர்? கணவருக்குப் பிறந்த ஊராயிருப்பது மனைவிக்குப் பழக்கமில்லாத ஊராக இருக்கலாம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பணிபுரிந்த ஊரிலேயே தங்குவது. பழகிய கடை, பழகிய மருத்துவர், பழகிய கோவில் எல்லாம் அங்கேயே இருக்கும். நகரின் வாடகையும் விலைவாசியும் ஓய்வூதியத்திற்குள் அடங்குமா என்பதே இங்கு எழும் கேள்வி.

மூன்றாவது, பிள்ளைகளோடு சேர்ந்து வாழ்வது. பேரக்குழந்தைகளின் மழலைக்கு ஈடு இணை ஏது? ஆயினும் மகனும் மருமகளும் வேலைக்குச் சென்றபின், மொழி தெரியாத ஒரு நகரின் ஒன்பதாம் மாடியில் மாலைவரை தொலைக்காட்சியே துணையென இருக்கும் பெற்றோரை நாம் சந்தித்திருக்கிறோம். அவர்களுக்கு உணவில் குறையில்லை, மரியாதையிலும் குறையில்லை, பேசுவதற்குத்தான் ஆளில்லை. பிள்ளைகளின் வீட்டிலேயே வாழ்வதைவிட, அவர்கள் வசிக்கும் பகுதியிலேயே சிறு வீடொன்றில் தனியே வாழ்வது பலருக்கு இரு பக்கமும் இதமாக அமைந்திருக்கிறது.

நான்காவது, முதியோருக்கென அமைந்த குடியிருப்புகள். கோயம்புத்தூரைச் சுற்றி இத்தகைய குடியிருப்புகள் பல எழுந்துள்ளன. சமையல், துப்புரவு, மருத்துவ உதவி ஆகியவற்றை அவையே கவனித்துக்கொள்கின்றன. இவற்றில் சேருமுன், மாதக் கட்டணம் ஆண்டுதோறும் எவ்வளவு உயரும், கணவன் மனைவியருள் ஒருவர் இறந்தால் மற்றவர் செலுத்த வேண்டிய தொகை யாது, படுக்கையில் விழுந்தபின்னும் வைத்துப் பராமரிப்பார்களா, விலக விரும்பினால் முன்பணம் திரும்புமா என்ற நான்கையும் எழுத்தில் கேட்டுப் பெறுவது அவசியம். புதிதாகக் கட்டப்படும் குடியிருப்பாயின், 2016-ஆம் ஆண்டு வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் அது பதிவு செய்யப்பட்டுள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். கையெழுத்திடுமுன் ஒரு மாதம் அங்கே தங்கிப் பார்ப்பது நன்று.

எஞ்சியிருப்பவரை எண்ணி

இந்நான்கில் எது சிறந்தது? எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் விடை இல்லை. ஆனால் எல்லாக் குடும்பங்களுக்கும் பொருந்தும் ஓர் அளவுகோல் உண்டு. அறுபது வயதில் வீட்டைத் தேடும்போது, கணவனும் மனைவியும் இருவராக வாழப்போவதாகவே எண்ணித் தேடுகிறார்கள். அவ்வீட்டில் ஒருநாள் ஒருவர் மட்டுமே இருப்பார். பெண்களின் சராசரி ஆயுள் ஆண்களின் ஆயுளைவிட அதிகம். நம் வழக்கப்படி மனைவி வயதிலும் இளையவர். எனவே எஞ்சியிருப்பவர் பெரும்பாலும் மனைவியே. ஆனால் எங்கே குடியேறுவது என்று தீர்மானிப்பவர் பெரும்பாலும் கணவர்!

நாம் அறிந்த ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர், தம் சேமிப்பு முழுவதையும் போட்டுச் சொந்தக் கிராமத்தில் இரண்டு மாடி வீடு கட்டினார். ஐந்தாம் ஆண்டில் அவர் மறைந்தார். அவருடைய மனைவி இன்று அப்பெரிய வீட்டின் ஓர் அறையில் வாழ்கிறார். பேருந்து நிறுத்தம் இரண்டு கிலோமீட்டர் தொலைவில். மருந்து வாங்குவதற்கும் பிறர் தயவு வேண்டும். விற்கலாமென்றால் அவ்வூரில் அவ்விலைக்கு வாங்குவார் இல்லை. இதற்கு மாறாக, நாம் அறிந்த விதவை ஆசிரியை ஒருவர், தாம் பணிபுரிந்த பள்ளிக்கு அருகே இரண்டு அறை வாடகை வீட்டில் தங்கிவிட்டார். மாலையில் ஏழெட்டுக் குழந்தைகள் அவரிடம் பாடம் கேட்க வருகின்றனர். காலையில் அவர் வாசல் திறவாவிட்டால், எட்டு மணிக்குள் யாராவது கதவைத் தட்டுவார்கள். சொத்து அவருக்கு இல்லை. ஆனால் அவருடைய முதுமை பாதுகாப்பாக இருக்கிறது.

ஆகவே, தனித்து நிற்கப்போகும் ஒருவர், பிறர் துணையின்றி நடந்து செல்லக்கூடிய தூரத்தில் மனிதர்கள் இருக்கும் இடமே உகந்த இடம். தரைத் தளம், வழுக்காத குளியலறை, பிடித்து எழக் கைப்பிடி, உட்கார்ந்து பயன்படுத்தும் கழிப்பறை, அருகே மருந்துக் கடை, பேருந்து நிறுத்தம் ஆகியவற்றையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம்.

வீடும் பத்திரமும்

இடத்தைத் தெரிந்தபின், அது எவர் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். பிள்ளைப் பாசத்தால் உயிரோடிருக்கும்போதே சொத்து முழுவதையும் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் பின் கண்ணீர் வடித்த பெற்றோர் நம்மிடையே உண்டு. உயில் இறப்பிற்குப் பின்தான் நடைமுறைக்கு வரும். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட் அப்படிப்பட்டதன்று; பதிவானதும் உரிமை கைமாறிவிடும். அதை எழுதித்தான் ஆக வேண்டுமெனில், பெற்றோர் இருவரும், அவர்களுள் எஞ்சியிருப்பவரும், ஆயுட்காலம் முழுவதும் அவ்வீட்டில் வாழும் உரிமையை அதிலேயே குறித்து வைக்க வேண்டும்.

2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு இங்கே துணைக்கு வருகிறது. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு மூத்தோர் எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர், அந்நிபந்தனையை மீறினால், அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக அறிவிக்க அச்சட்டத்தின் தீர்ப்பாயத்திற்கு அதிகாரம் உண்டு. எனவே அந்நிபந்தனை பத்திரத்தில் வெளிப்படையாக எழுதப்பட வேண்டும். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் இதற்கு மனுச் செய்யலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணையும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதி வைத்தல் நலம்.

மனிதரைத் தேடி வைத்தல்

பணமும் பத்திரமும் ஆயத்தமானாலும், நல்ல அயலாரை விலைக்கு வாங்க முடியாது. உறவுகளுக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய 148 ஆய்வுகளை 2010-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒன்றுசேர்த்துப் பரிசீலித்தனர். அவை மூன்று இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களைப் பற்றியவை. உறவுப் பிணைப்பு வலுவாக உள்ளோர், அது நலிந்தோரைவிட, ஆய்வுக் காலம் முடிய உயிரோடிருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுதி என்று அவர்கள் கண்டனர். தனிமை மனத்தை மட்டும் வாட்டுவதன்று. அது உடலையும் வீழ்த்துகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பீக்கன் ஹில் என்னும் பகுதியில் வாழ்ந்த மூத்தோர் சிலர், முதுமைக்காக வீட்டை விட்டு எங்கும் போவதில்லை என்று முடிவு செய்து, தங்களுக்குள் ஒரு சங்கம் அமைத்தனர். அது 2002-இல் செயல்படத் தொடங்கியது. உறுப்பினர் சந்தா கட்டுகின்றனர். மருத்துவரிடம் செல்ல வண்டி, வீட்டில் பழுது பார்க்க ஆள், கூடிப் பேச நிகழ்ச்சிகள் ஆகியவற்றைச் சங்கம் ஏற்பாடு செய்கிறது. நமக்கு அருகிலுள்ள கேரளத்தில், 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்புப் பணி, பின்னர் அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்றுப் படுக்கையில் கிடப்போரை வீடு தேடிச் சென்று காணும் இயக்கமாக வளர்ந்தது. 2008-இல் அம்மாநில அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இவ்விரண்டு இடங்களிலும் தொடங்கி வைத்தவர்கள் உதவிக்காகக் காத்திருக்கவில்லை. தாமே உதவி செய்யப் புறப்பட்டனர்.

நம் பங்குகளில் அன்பியங்கள் உள்ளன; அடுத்தடுத்த வீட்டார் மாதந்தோறும் கூடுகின்றனர். தம் எல்லைக்குள் தனித்து வாழும் மூத்தோர் எத்தனை பேர் என்று ஒவ்வோர் அன்பியமும் கணக்கெடுக்கட்டும். ஒவ்வொருவருக்கும், நாள்தோறும் ஒருமுறை குரல் கொடுக்க ஒரு வீட்டாரையும், மாற்றுச் சாவியை வைத்திருக்க ஒரு வீட்டாரையும் ஏற்படுத்தட்டும். இதில் சமய வேறுபாடு பார்க்கலாகாது. நள்ளிரவில் ஓடி வருபவர் அடுத்த வீட்டு இந்துச் சகோதரராகவோ எதிர்வீட்டு இஸ்லாமியச் சகோதரியாகவோதான் இருப்பார்.

ஆனால் எழுபதாம் வயதில் புதிய ஊரில் நுழைந்து, உடனே நண்பர்களை எதிர்பார்ப்பது விதைக்காமல் அறுக்க நினைப்பதாகும். ஐம்பதிலேயே தொடங்க வேண்டும். குடியேற எண்ணும் ஊருக்கு இப்போதே விடுமுறைகளில் சென்று தங்குங்கள். அங்குள்ள துக்க வீட்டிற்கும் மண வீட்டிற்கும் செல்லுங்கள். நோயுற்றவரைப் பாருங்கள். கணக்குத் தெரிந்தவர் சங்கத்தின் கணக்கை எழுதிக் கொடுக்கலாம். தையல் தெரிந்தவர் நாலு பெண்களுக்குக் கற்றுத் தரலாம்.

குருக்களாகிய எமக்கும் இது பொருந்தும். பங்குத் தந்தையர் 75 வயது நிறைந்ததும் தம் பொறுப்பிலிருந்து விலக ஆயரிடம் கடிதம் கொடுக்க வேண்டுமென 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கேட்கிறது. அந்நாளில் எவர் நடுவில் வாழ்வோம் என்பதை நாமும் இப்போதே சிந்தித்தாக வேண்டும்.

இந்த வாரத்தில் ஒரு மாலை, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, கணவனும் மனைவியும் எதிரெதிரே அமருங்கள். ‘நான் முதலில் போய்விட்டால் நீ எங்கே இருக்க விரும்புகிறாய்?’ என்று ஒருவரையொருவர் கேளுங்கள். விடை உடனே வராது. சில வீடுகளில் கண்ணீரும் வரலாம். ஆயினும் கேளுங்கள். கிடைத்த விடையைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மனையும் மதிலும் அதன் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.