தொற்றுக்காலப் பயணமும் யாழ்ப்பாணத்து வீடுகளும்

தொற்றுநோய்க் காலத்தில் வெளியூர் செல்வதா, வேண்டாமா என்று எண்ணிப் பார்ப்பவர், தனித்தனியே கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைப் பெரும்பாலும் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்: வழியில் தொற்றாளர் ஒருவரை எதிர்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு, எதிர்கொண்டால் கிருமி தம்மைத் தொற்றும் வாய்ப்பு எவ்வளவு, தொற்றினால் விளையும் கேடு எவ்வளவு என்பனவே அவை. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் கொவிட் பரவிய விதத்தை நோக்கினால், நான்காவது கேள்வி ஒன்றும் இருந்தது புலப்படும். அந்தக் கேடு யாருடைய உடலில் விளையும் என்பதே அது.

உலக சுகாதார அமைப்பு கொவிட்டை உலகப் பெருந்தொற்றாக அறிவித்தது 2020 மார்ச் 11 ஆம் திகதியாகும். நான்கு நாட்களின் பின், மார்ச் 15 ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த மதபோதகர் ஒருவர் அரியாலையில் ஆராதனை நடத்தித் திரும்பிச் சென்றார். அவருக்குத் தொற்று இருந்தமை பின்னரே தெரியவந்தது. மார்ச் 22 ஆம் திகதி, அவருடன் பழகிய ஒருவர் யாழ்ப்பாணத்தின் முதலாவது தொற்றாளராக அடையாளங் காணப்பட்டார். தனிமைப்படுத்தல் நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த வேறு சிலருக்கும் ஏப்ரலில் தொற்று உறுதியானது. அதே ஆண்டு ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலைக் கொத்தணி, அதாவது ஒரே மூலத்திலிருந்து கிளைத்த தொற்றாளர் கூட்டம், வெளிப்பட்டபோது, அங்கு பணிபுரிந்து ஊர் திரும்பிய ஒருவருக்குத் தொற்று உறுதியானதும் புங்குடுதீவு முடக்கப்பட்டது. இவ்வாறான நிகழ்வுகளுக்குப் பின் எழுந்த பேச்சில் பெரும்பகுதி யாரைக் குற்றஞ்சாட்டுவது என்பதிலேயே கழிந்தது; எவ்வித நோயறிகுறியும் இல்லாத ஒருவர் தம்மிடமுள்ள ஆபத்தை எப்படி அளந்திருக்க முடியும் என்பதை எண்ணிப் பார்த்தோர் குறைவு.

அதனை ஓரளவுக்கு அளக்க முடியும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரும் இரவுப் பேருந்தில் ஐம்பது பேர் இருக்கிறார்கள் என்றும், புறப்படும் இடத்தில் நூற்றுக்கு ஒருவர் தொற்றுடன் நடமாடுகிறார் என்றும் கொள்வோமாயின், அப்பேருந்தில் ஒரு தொற்றாளராவது இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 40 வீதமாகும். ஆயிரத்துக்கு ஒருவர் எனில் அது 5 வீதமாகக் குறையும். ஆகவே பயணி கேட்டறிய வேண்டியது சேரும் ஊரின் நிலவரத்தை மட்டுமன்று, கூடப் பயணிப்பவர்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பதையுமாகும். யாழ்ப்பாணத்தில் ஒரு தொற்றாளரும் இல்லாத வாரத்திலும் கொழும்புப் பேருந்து கொழும்பின் நிலவரத்தையே ஏற்றி வந்தது.

தொற்றாளர் ஒருவர் பேருந்தில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சீனாவின் செஜியாங் மாகாணத்தில் 2020 ஜனவரியில் நிகழ்ந்த ஒரு சம்பவம் சான்றாகிறது. பௌத்த வழிபாடு ஒன்றுக்குச் சென்ற பேருந்தில், போக ஐம்பது நிமிடமும் வர ஐம்பது நிமிடமுமாகப் பயணித்த 68 பேரில் ஒருவரிடமிருந்து 23 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. உள்ளிருந்த காற்றையே குளிரூட்டி மீண்டும் மீண்டும் சுற்றவிட்டமை இதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தை, சாளரங்களை அடைத்துத் திரைச்சீலையும் இழுத்துவிட்டு, இரவு முழுவதும் கடக்கும் குளிரூட்டிய சொகுசுப் பேருந்தை இதனோடு ஒப்பிட்டால், வியர்வையும் புழுதியுமாகச் சாளரம் திறந்தபடி ஓடும் சாதாரணப் பேருந்து எவ்வளவோ மேலானது என்பது விளங்கும். அதிக பணம் கொடுத்து வாங்கிய சொகுசு இங்கு பாதுகாப்பாக அமையவில்லை.

மூன்றாவது கேள்விக்கு வயதே முதன்மையான விடையாகும். தடுப்பூசி வருவதற்கு முன் தொகுக்கப்பட்ட தரவுகளின்படி, தொற்றுக்குள்ளான 25 வயதினரில் பத்தாயிரத்தில் ஒருவரும், 65 வயதினரில் எழுபதில் ஒருவரும், 85 வயதினரில் ஏழில் ஒருவரும் இறந்தனர். பிள்ளைகள் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழ, பெற்றோர் மட்டும் காவலிருக்கும் வீடுகள் நிறைந்த குடாநாட்டில் இந்த எண்களுக்குத் தனிப்பொருள் உண்டு. பேருந்தில் ஏறும் இளைஞர் தமக்கான பத்தாயிரத்தில் ஒன்றைக் கணக்கிட்டு ஏறுகிறார். விடியற்காலையில் அவருக்குக் கதவு திறக்கும் தாயாருக்கோ கணக்கு எழுபதில் ஒன்றாக மாறிவிடுகிறது. தனிமனித ஆபத்து என்ற பெயரில் செய்யப்படும் கணிப்பு உண்மையில் ஒரு குடும்பத்தின் கணிப்பாகவே இருக்க வேண்டும்.

பி.சி.ஆர். பரிசோதனையில் தொற்றில்லை என்று வந்த அறிக்கையைப் பலர் பயண அனுமதிச் சீட்டாகவே கருதினர். அப்பரிசோதனை மூக்குச் சளியிலுள்ள வைரசின் மரபுப்பொருளைப் பன்மடங்காகப் பெருக்கிக் கண்டறியும் முறை. தொற்றிய முதல் நாளில் அது எதையும் காட்டாது என்பதும், நான்காம் நாளிலும் மூவரில் இருவரைத் தவறவிடக்கூடும் என்பதும், எட்டாம் நாளளவிலேயே தவறு ஐந்தில் ஒன்றாகக் குறைகிறது என்பதும் ஆய்வில் தெரியவந்தன. பரிசோதனை இல்லாத காலத்தில், இந்தியாவிலிருந்து தலைமன்னார் வழியாக இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரைத் தமிழகக் கரையிலிருந்த மண்டபம் முகாமில் தடுத்துவைத்து வாந்திபேதியோ அம்மையோ வெளிப்படுகிறதா என்று பார்த்திருந்த பழைய முறை, மனிதரைக் கூலிகளாக நடத்திய கொடுமை நீங்கலாக, காத்திருத்தல் என்ற ஒன்றில் சரியாகவே இருந்தது.

பயணம் செய்யாமல் இருப்பதற்கும் விலை உண்டு. மகரகம புற்றுநோய் மருத்துவமனையில் சிகிச்சை பெறும் வடபகுதி நோயாளியிடம் பயணத்தைத் தவிர்க்கச் சொல்வது அறிவுரையாகாது. செத்தவீடும் அத்தகையதே. நல்லதுக்குப் போகாவிட்டாலும் கெட்டதுக்குப் போகவேண்டும் என்று வளர்ந்த சமூகத்தில், பெற்றவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வருபவரை எந்தப் புள்ளிவிவரமும் தடுக்காது, தடுக்கவும் வேண்டியதில்லை. ஆனால் திருமணமும் பூப்புனித நீராட்டு விழாவும் ஒத்திவைக்கக்கூடியவை. ஒத்திவைக்க மனம் வராமைக்கு மண்டபத்துக்குக் கொடுத்த முற்பணமும் ஊரார் என்ன சொல்வார்களோ என்ற அச்சமுமே பெரும்பாலும் காரணமாயின.

மீண்டும் அத்தகைய காலம் வருமாயின், தவிர்க்க முடியாமல் ஊருக்கு வருபவர் பயணம் முடிந்த இடத்திலேயே கூடுதலாகக் கவனமாயிருத்தல் வேண்டும். தொற்றியவருக்கு அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து நாட்களும் சிலருக்குப் பதினான்கு நாட்கள் வரையும் ஆகலாம் என்பதாலும், அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பிறருக்குப் பரவலாம் என்பதாலும், முதல் வாரமாவது காற்றோட்டமான தனியறையில் படுத்து, தனியே உண்டு, முதியோருடன் முகக்கவசம் அணிந்து விறாந்தையிலோ முற்றத்திலோ இருந்து பேசுவதே ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். அதற்கு வசதியில்லாத வீட்டில் எண்பது வயதுத் தாயோ தந்தையோ இருப்பாராயின், அவசரமற்ற பயணத்தைத் தள்ளிவைத்துத் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள்.